கேவனா பாலத்து விளக்க அட்டை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் ஒரு சமூக மன்றத்தைச் சேர்ந்த தமிழ்த் தொண்டூழியர்கள் சிலர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூர் ஆற்றோரமாகத் தமிழில் ஒரு மரபுடைமை நடையை நடத்தி வருகிறோம். ராஃபிள்ஸ் பிளேஸ் பெருவிரைவு ரயில் நிலையத்தில் கூடி, படகுத்துறை வழியாக நடந்து, கேவனா பாலத்தையும் ஆண்டர்சன் பாலத்தையும் பார்த்துவிட்டு எம்பிரஸ் பிளேஸில் முடிப்பது வழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் மூத்தோர். பேரப்பிள்ளைகளை அழைத்து வருபவர்களும் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கையில் கொடுப்பதற்காகப் பிளாஸ்டிக் உறையிட்ட விளக்க அட்டைகளை அச்சிட்டு வைத்திருந்தோம். இந்தப் பதிவு அவற்றுள் ஒன்றைப் பற்றியது.

கேவனா பாலத்துக்கான அட்டையில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. “1869-இல் தமிழ்க் கைதிகள் வார்த்து எழுப்பிய இந்த இரும்புப் பாலத்தில், 300 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிகள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. அலை ஏறும்போது படகுகளால் இதன் அடியில் செல்ல முடியாது.” இந்த வாசகத்தை எழுதியவன் நான்தான். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இதே வாசகத்தை நாங்கள் பாலத்தின் மேலேயே நின்று உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறோம். அதில் குறைந்தது நான்கு பிழைகள் இருந்ததை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை என்பதே இந்த ஆய்வை எழுதத் தூண்டியது.

நடையில் எழுந்த கேள்வி

2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்த ஒரு நடையில், கப்பல் பழுதுபார்ப்புத் தளத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் பொருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் கலந்துகொண்டார். மற்றவர்கள் பாலத்தின் தென்கோடியில் இருக்கும் வெண்கலப் பூனைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் பாலத்தின் பக்கவாட்டு இரும்பில் ஒரு கையை வைத்து, வரிசையாகப் புடைத்து நிற்கும் ரிவிட் தலைகளை, அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகளின் தலைகளை, விரலால் தடவிக்கொண்டே நடந்தார். பல அடுக்குப் பெயிண்ட் ஏறியிருந்தாலும் ஒவ்வொரு தலையும் கைக்குத் தனியாகத் தட்டுப்பட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, வார்த்தாங்கன்னு போட்டிருக்கீங்களே, இங்க எங்க உலை இருந்துச்சு?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. அவரே தொடர்ந்தார். ரிவிட் அடித்துச் சேர்த்த இரும்பு வார்த்த இரும்பாக இருக்க வாய்ப்பு குறைவு என்றும், வார்ப்பிரும்பு அமுக்கத்தைத் தாங்குமே தவிர இழுத்தால் முறிந்துவிடும் என்றும், இப்படித் தொங்கிச் சுமக்கும் பாலத்தில் இழுபடும் பட்டைகளை அடித்து உருவாக்கும் தேனிரும்பில்தான் செய்திருக்க வேண்டும் என்றும் விளக்கினார். பிறகு எங்களைக் கோபுரத் தூணருகே அழைத்துச் சென்று, தயாரிப்பாளரின் பெயர் பொறித்த தகட்டைச் சுட்டிக் காட்டினார். பி அண்ட் டபிள்யூ மெக்லெலன், பொறியாளர்கள், கிளாஸ்கோ. ஓராண்டாக அந்தத் தகட்டுக்குக் கைக்கெட்டும் தொலைவில் நின்றுகொண்டுதான் நாங்கள் தமிழர் வார்த்த பாலம் என்று படித்துக்கொண்டிருந்தோம்.

அதே குழுவில் வந்திருந்த எண்பது வயது கடந்த மற்றொரு பெரியவர் இதைக் கேட்டுச் சினம் கொண்டார். இந்தப் பாலத்தைத் தம் தாத்தா கட்டினார் என்பது அவர் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. “வெள்ளைக்காரன் பேரு பலகையில இருக்கும், வேலை செஞ்சவன் பேரா இருக்கும்?” என்று கேட்டார். அட்டையில் “கைதிகள்” என்று இருந்ததும் அவருக்கு உடன்பாடில்லை. தம் தாத்தா எந்தக் குற்றமும் செய்து இங்கு வந்தவர் அல்லர் என்றும், படிக்கிறவர்கள் நம் எல்லாரையும் கைதிப் பரம்பரை என்று எண்ணிவிடுவார்கள் என்றும் அழுத்தமாகக் கூறினார். இருவருமே பாதி சரியாகப் பேசுகிறார்கள் என்ற உணர்வு அப்போதே எனக்கு ஏற்பட்டது. எந்தப் பாதி என்பதைத்தான் கண்டறிய வேண்டியிருந்தது.

சரிபார்த்தபோது தெரியவந்தவை

அந்த அட்டையை உடனடியாகப் பயன்பாட்டிலிருந்து நீக்கினோம். தேசிய நூலகத்தில் கிடைக்கும் நூல்களையும் பழைய நாளிதழ்களின் மின்னிலக்கப் படிகளையும் மூன்று வாரங்கள் பார்த்ததில் பாலத்தின் தொழில் வரலாறு ஓரளவு தெளிந்தது.

பாலத்தின் உறுப்புகள் கிளாஸ்கோவில் செய்யப்பட்டுக் கப்பலில் பகுதி பகுதியாக இங்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்துச் சிங்கப்பூரில் பெரிய இரும்புக் கட்டுமானம் என்றால் வழி அதுதான். 1862-இல் எழுந்த முதல் எல்ஜின் பாலத்தின் இரும்பு கல்கத்தாவிலிருந்து வந்தது. 1894-இல் தெலுக் ஆயர் சந்தைக்கு வந்த வார்ப்பிரும்புத் தூண்களும் வளைவுகளும் கிளாஸ்கோவின் வேறொரு வார்ப்பாலையில் பிறந்தவை. கேவனா பாலத்தின் அமைப்பு, ஆர்டிஷ், லெஃபூவ்ர் என்ற இரு பொறியாளர்களின் பெயரால் அறியப்படும் முறையைச் சேர்ந்தது. சாதாரணத் தொங்குபாலத்தில் தொய்ந்த சங்கிலியில்தான் பாலத்தளம் தொங்கும். பாரம் நகர நகரச் சங்கிலி வடிவம் மாற, தளமும் அலைபோல் அசையும். இம்முறையிலோ கோபுரத்தின் உச்சியிலிருந்து சாய்வாக, நேராக இறங்கும் பட்டைகளே தளத்தைத் தாங்குகின்றன. தொய்ந்து செல்லும் இழை அந்தப் பட்டைகள் தம் சொந்த எடையால் வளைந்துவிடாமல் தூக்கிப் பிடிப்பதற்காக மட்டுமே இருக்கிறது. 1873-இல் லண்டனில் திறக்கப்பட்ட ஆல்பர்ட் பாலமும் இதே வகை. ஏறக்குறைய 61 மீட்டர் அகலமுள்ள ஆற்றுப் பகுதியை நடுவில் ஒரு தூணும் இல்லாமல் கேவனா பாலம் தாண்டுவதற்கு இதுவே காரணம். படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஆற்றில் நடுத்தூண் இல்லாதது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கைதிகளின் பங்கும் உண்மையானதே. 1825 முதல் 1873 வரை சிங்கப்பூர், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்களின் தண்டனைக் குடியிருப்பாக இருந்தது. சாலைகள், வடிகால்கள், 1861-இல் நிறைவுற்ற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், 1869-இல் முடிந்த ஆளுநர் மாளிகையான இன்றைய இஸ்தானா எனப் பல பணிகள் அவர்கள் கையால் எழுந்தன. கிளாஸ்கோவிலிருந்து வந்த உறுப்புகளை ஒன்று சேர்த்து நிறுத்திய உழைப்பும் அவர்களுடையதே. அவர்களுடைய கடைசிப் பெரும் பணிகளில் ஒன்றாக இந்தப் பாலம் கருதப்படுகிறது. ஆனால் அவர்கள் சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் வந்தவர்கள். குறிப்பிட்ட இந்த வேலையில் தமிழர் எத்தனை பேர் நின்றார்கள் என்பதற்கு எங்களிடம் எந்தச் சான்றும் இல்லை.

அப்படியானால் “வார்த்து” என்ற சொல் எங்கிருந்து வந்தது? என் பழைய குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தபோது விடை கிடைத்தது. சிறைக்கூடத்திலேயே கொல்லர், தச்சர், கல்தச்சர் பட்டறைகள் இருந்தன என்பதையும், சிராங்கூன் சாலையில் அவர்கள் நடத்திய சூளையின் செங்கற்கள் 1867-ஆம் ஆண்டின் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றன என்பதையும், தேவாலயச் சுவர்களுக்குச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவற்றைக் கலந்து சாந்து குழைத்தார்கள் என்பதையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எல்லாமே மெய். அந்தப் பக்கத்தின் அடியில் “கேவனா பாலம்” என்று எழுதியிருந்ததால், கொல்லர் பட்டறையைப் பாலத்தோடு மனம் தானாகவே சேர்த்துவிட்டது. யாரும் சொல்லாத ஒன்றை, இரண்டு உண்மைகளை அருகருகே வைத்ததன் மூலம் நானே உண்டாக்கியிருந்தேன்.

எடைப் பிழை இதைவிட எளியது, ஆனால் வெட்கக்கேடானது. பாலத்தின் இரு முனைகளிலும் இன்றும் நிற்கும் பழைய ஆங்கில அறிவிப்பு, 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு மேற்பட்ட எடையுள்ள வண்டிகளுக்கும் எல்லா மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் பாலத்தில் இடமில்லை என்கிறது. ஒரு ஹண்ட்ரட்வெயிட் என்பது 112 பவுண்டு. மூன்று சேர்ந்தால் 336 பவுண்டு, அதாவது சுமார் 152 கிலோ. “ஹண்ட்ரட்” என்ற ஒலியைக் கேட்டவுடன் நூறு நூறாகக் கூட்டி 300 என்று போட்டுவிட்டேன். பொருத்துநர் இதைக் கேட்டுச் சிரித்தார். அந்தக் காலத்தில் புழங்கிய பிக்கல் என்ற எடை அலகின் கணக்கில் இது இரண்டரைப் பிக்கல், ஒருவர் தள்ளும் கைவண்டியில் இரண்டு மூட்டை அரிசியை ஏற்றினாலே வண்டியின் எடையும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும் என்றார். அந்த அறிவிப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்நாள் சிங்கப்பூரின் மாட்டு வண்டிகளை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர்.

நான்காவது பிழை அலை பற்றியது. கேவனா பாலம் தாழ்வாகக் கட்டப்பட்டதால் நீர் ஏறும் நேரத்தில் சரக்குப் படகுகள் அதன் அடியில் நுழைய முடியாமல் காத்துக் கிடந்தன. இது வரலாறு. 2008-இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்டு ஆற்று முகத்துவாரம் அடைபட்ட பிறகு இங்கே கடல் அலை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நாங்கள் அட்டையில் நிகழ்காலத்தில் எழுதியிருந்ததால், சில தொண்டூழியர்கள் “மாலையில் வந்து பாருங்கள், நீர் எவ்வளவு உயரும் தெரியுமா” என்றுகூடச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பெரியவரின் குடும்ப நினைவு

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட்டோம். அவருடைய வீட்டுக்கு இருமுறை சென்று, அவர் பேசியதை அனுமதியுடன் பதிவு செய்தோம். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி இளைஞராக இங்கு வந்தார். அவருக்கு மூத்த மகனாக, அதாவது நம் பெரியவரின் தந்தையாக, 1911-இல் இங்கே பிள்ளை பிறந்தது. இந்த ஒரு செய்தியே போதுமானதாக இருந்தது. 1869-இல் பாலம் கட்டும் வேலையில் நின்ற ஒருவர் நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து இளந்தந்தையாக இருந்திருக்க முடியாது. அதை அப்படியே முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வர எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே குடும்பத்தில் அந்தக் கதையை எந்தச் சொற்களில் சொல்வார்கள் என்று கேட்டோம்.

“ஆத்துல கடைசிப் பாலம், இரும்புப் பாலம். அதுல தாத்தா சுடச்சுட ஆணி அடிச்சாரு. அப்பா அப்படித்தான் சொல்வாரு” என்றார் பெரியவர்.

கடைசிப் பாலம் என்ற சொல்லில்தான் விடை இருந்தது. 1910 வரை ஆற்றில் கடலுக்கு மிக அருகில் இருந்தது கேவனா பாலம். அந்த ஆண்டு மார்ச் மாதம் அதற்கும் கீழே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டது. 1997-இல் எஸ்பிளனேட் பாலம் வரும்வரை கடைசிப் பாலம் என்றால் அதுதான். பெரியவரின் தந்தை இந்தக் கதையைச் சொன்ன காலம் 1950-கள். ஆண்டர்சன் பாலமும் ரிவிட் அடித்த எஃகு வளைவுகளால் ஆனது. அதன் மேற்கட்டுமானத்தை எழுப்பியது ஹோவர்த் எர்ஸ்கின் என்ற சிங்கப்பூர்ப் பொறியியல் நிறுவனம். கைதிகள் காலம் முடிந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கூலி பெற்று வேலை செய்த தொழிலாளர்களால் அது கட்டப்பட்டது. காலமும் இடமும் தொழிலும் தாத்தாவின் கதையோடு பொருந்துகின்றன. இரண்டு பாலங்களுக்கும் இடையே நடந்தால் சில நிமிடங்கள்தான். பழையதாகத் தெரிவது எதுவோ அதுவே தாத்தாவின் பாலம் என்று பெரியவர் எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை. எங்கள் அட்டையும் அந்த எண்ணத்தை வலுப்படுத்தியிருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எங்கள் குழுவில் இரண்டு கருத்துகள் இருந்தன. கைதிகள் என்ற சொல்லை எடுத்துவிட்டுத் “தொழிலாளர்கள்” என்று போட்டால் யாருக்கும் மனவருத்தம் இல்லை என்றார் ஒருவர். தமிழர் என்ற சொல்லையும் எடுத்துவிட்டால் இது தமிழ் நடையாகவே இருக்காது என்று மற்றொருவர் வாதிட்டார். முதல் கருத்தை நாங்கள் ஏற்கவில்லை. கூலியில்லாத கட்டாய உழைப்பைக் கூலி உழைப்பாக எழுதுவது அந்த மனிதர்களுக்கு நேர்ந்ததை இரண்டாம் முறை மறைப்பதாகும். நாடு கடத்தப்பட்டவர்களில் பலர் தண்டனைக் காலத்திலேயே நன்னடத்தையால் ஊருக்குள் வேலை செய்து வாழும் அனுமதி பெற்று, இங்கேயே குடும்பம் நடத்தியவர்கள் என்பதையும் பெரியவரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் முழுமையாக உடன்பட்டார் என்று சொல்ல மாட்டேன். “உங்க பாலத்துக்கு நீங்க எழுதிக்குங்க, என் தாத்தா பாலத்துல அந்தப் பேச்சு வேண்டாம்” என்று முடித்துக்கொண்டார். அது நியாயமான நிலைப்பாடு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கருத்துக்கு விடை ஆற்றில் கிடைத்தது. தமிழரின் பங்கைப் பாலத்தின் மேலேயே தேடிக்கொண்டிருந்தவர்கள் அதன் அடியில் ஓடியதை மறந்திருந்தோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கும் படகுத்துறைக் கிடங்குகளுக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய தொங்காங் படகுகளில், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களும் பிற தமிழர்களும் முன்னணியில் இருந்தனர். பிறகு படிப்படியாகச் சீனர்களின் துவாக்காவ் படகுகள் அந்த இடத்தைப் பிடித்தன. இந்த ஆற்றுப் படகுக்காரர்களின் வரலாற்றில் தமிழருக்கு இடம் இருந்தது என்பதை ஐயமின்றி எழுதலாம். ஆகவே புதிய அட்டையில் கைதிகளைப் பற்றி ஒரு வாக்கியமும், கிளாஸ்கோ இரும்பைப் பற்றி ஒரு வாக்கியமும், படகுகளையும் மாட்டு வண்டிகளையும் பற்றி ஒரு முழுப் பத்தியும் இடம்பெற்றன. வார்த்தார்கள் என்பது “பொருத்தி நிறுத்தினார்கள்” ஆனது. தமிழ்க் கைதிகள் “இந்தியக் கைதிகள்” ஆனார்கள். 300 கிலோ 152 ஆகக் குறைந்தது. அலை இறந்தகாலத்துக்குப் போனது.

தாத்தாவின் பெயரை ஆண்டர்சன் பாலத்து அட்டையில் அச்சிட வேண்டும் என்று குழுவில் பலர் விரும்பினர். நான் ஒப்பவில்லை. பொருந்துகிறது என்பது வேறு, நிறுவப்பட்டது என்பது வேறு. ஒரு பாலத்திலிருந்து எடுத்த பிழையை இன்னொரு பாலத்தில் கொண்டுபோய் ஒட்டுவதாக அது ஆகிவிடும். மாறாக, அந்த நிறுத்தத்தில் பெரியவர் விரும்பினால் அவரே தம் குடும்பக் கதையைச் சொல்லலாம் என்றும், வழிகாட்டி அதைக் “குடும்ப நினைவு” என்று அறிமுகப்படுத்துவார் என்றும் முடிவு செய்தோம்.

அதன் பிறகு

புதிய அட்டையுடன் நடந்த முதல் நடையில், கேவனா பாலத்து நிறுத்தம் முன்பிருந்ததைவிட இருமடங்கு நேரம் எடுத்தது. தயாரிப்பாளர் தகட்டையும் எடை அறிவிப்பையும் பிள்ளைகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொன்னோம். அறிவிப்பைக் கண்ட ஒரு சிறுமி, மிதிவண்டியில் அப்பா உட்கார்ந்தால் 152 கிலோவைத் தாண்டுமா என்று கேட்டாள். அப்பா பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பொருத்துநர் இப்போது எங்களோடு தொண்டூழியராக இருக்கிறார். காய்ச்சிய ரிவிட்டைத் துளையில் செலுத்தி, ஒருவர் பின்னாலிருந்து தாங்க மற்றவர் முன்னாலிருந்து அடித்துத் தலை எழுப்புவதையும், ஆறும்போது அது சுருங்கித் தகடுகளை இறுக்குவதையும் அவர் கையசைவுகளால் காட்டுவதைப் பார்ப்பதற்கென்றே சிலர் மீண்டும் வருகிறார்கள்.

பெரியவர் இரண்டு நடைகளுக்கு வரவில்லை. மூன்றாவதற்குப் பேத்தியுடன் வந்தார். கேவனா பாலத்தில் ஒன்றும் பேசாமல் நின்றார். ஆண்டர்சன் பாலத்துக்கு வந்ததும் எஃகு வளைவின் அடிப்பகுதியில் கையை வைத்து, அந்தக் கதையைத் தந்தை சொன்ன அதே சொற்களில் சொன்னார். இது உண்மையா என்று பேத்தி என்னைக் கேட்டாள். இருந்திருக்கலாம், காலம் பொருந்துகிறது, ஆனால் காட்டுவதற்குத் தாள் இல்லை என்று சொன்னேன். பெரியவர் அதற்குத் தலையசைத்தார்.

2019-இல் கேவனா, ஆண்டர்சன், எல்ஜின் ஆகிய மூன்று பாலங்களும் ஒன்றாகத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டன என்பதைப் பழைய அட்டை குறிப்பிடவே இல்லை. அந்த விடுபடலையும் இந்தத் திருத்தத்தின்போதே சரிசெய்தோம்.

இனி மாற்றிச் செய்வது

அட்டை வாசகத்தை மேசையில் எழுதி மேசையிலேயே சரிபார்த்ததுதான் அடிப்படைத் தவறு. இப்போது எந்த வாசகமும் அச்சுக்குப் போகுமுன், இருவர் அதன் வரைவை அந்த இடத்துக்கே எடுத்துச் சென்று ஒவ்வொரு சொல்லாகப் பொருளோடு ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது எழுதியவர் அல்லாதவராக இருக்க வேண்டும். பழைய அளவுகள் வந்தால் மூலச் சொல்லையும் கணக்கையும் குறிப்பேட்டில் சேர்த்தே எழுதுகிறோம். குறிப்பேட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே கட்டுமானம் என்ற ஒழுங்கையும் நான் எனக்கு விதித்துக்கொண்டேன்.

குடும்ப நினைவுகளைக் கேட்பதில் எங்களுக்கு இன்னும் பயிற்சி வேண்டும். பெரியவரிடம் முதலிலேயே கதையின் சொற்களைக் கேட்டிருந்தால், பாலத்தின் மேல் நின்று இருபது பேர் முன்னிலையில் வாக்குவாதம் நடந்திருக்காது. அவருடைய ஒலிப்பதிவு எழுத்தாக்கப்பட்டு, அவர் படித்துத் திருத்திய பிரதியில் தேதியிட்டுக் கையொப்பமும் இட்டிருக்கிறார். ஆற்றோரத்தில் உழைத்த வேறு குடும்பங்களிடமிருந்தும் இதேபோல் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். அடுத்து எங்கள் ஒலிப்பதிவுக்கு உட்கார இசைந்திருப்பவர், 1983-இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்படும்வரை படகுத்துறையில் தேநீர்க் கடை வைத்திருந்த ஒருவரின் மகள்.